மாமனார் பெயரில் ஒரு மகன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்து மூன்று வயதில், கவிஞனாகப் போகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக நான் என் பெயரை மாற்றிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எந்த அலுவலகத்துக்கும் எழுதிப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று பழைய பெயரை ஒரு தடவையும் புதுப் பெயரை மூன்று தடவையும் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான். புதுப் பெயரில் மொத்தம் நான்கு கவிதைகள் அச்சேறின. வெளியிட்ட சிற்றிதழ் அதற்கப்புறம் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் அதன் ஆசிரியர் கடைசிவரை சொன்னார்.

கவிதை என்னை விட்டுப் போய்விட்டது, பெயர் போகவில்லை. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவரிடம் புதுப் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அதைக் காட்டி ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைக் காட்டி ஆதார், ஆதாரைக் காட்டி பான் கார்டு. கல்யாணப் பத்திரிகையிலும் அதே பெயர்தான். என் தாய்மாமன் மண்டப வாசலில் இருந்த பலகையைப் படித்துவிட்டு, மண்டபம் மாறி வந்துவிட்டோம் என்று எதிரே டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பழைய பெயர் ஒரே ஒரு இடத்தில் மிச்சமிருந்தது: பத்தாம் வகுப்புச் சான்றிதழில். அதைப் பெட்டியில் போட்டு முப்பது வருடம் மறந்திருந்தேன்.

போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் மகள் மாசமாக இருப்பதாகச் சொன்னாள். மே மாதம் பிரசவம், முதல் பிரசவம். "ரெண்டு பேரும் வந்துருங்கப்பா. இங்க எனக்கு யாரும் இல்ல." பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் என் மனைவி மறுவாரமே விண்ணப்பித்து பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். நான் சான்றிதழையும் ஆதாரையும் நீட்டியபோது கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஒருத்தர் இருக்காரு, அதுல ஒருத்தர் இருக்காரு. நீங்க யாரு சார்?"

"ரெண்டும் நான்தாங்க."

"அதை நீங்க சொல்லக் கூடாது. தாசில்தார் சொல்லணும்."

இருவரும் ஒருவரே என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதற்கு என் சொந்த ஊரான மோகனூரில் வருவாய் ஆய்வாளர் நேரில் விசாரிக்க வேண்டும். ஆய்வாளர் ஆத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெண். "பெத்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா இருப்பதாகச் சொன்னேன். "அப்ப என்ன சார் கவலை? அவங்க வாயால சொன்னா முடிஞ்சுது" என்றார்.

எனக்குக் கவலையே அதுதான். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவைப் பெற்றவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். ஆகவே என் அம்மா நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் மனைவியும் அம்மாவை உட்கார வைத்தோம். மூட்டு வலி, உட்கார்ந்தால் எழ ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும்.

"ஏம்மா, இவரு யாரு?" என்றார் ஆய்வாளர்.

"எம் பையனுங்க அம்மிணி."

"பேரு?"

"சாமிங்க."

"அது ஊர்ல எல்லாரையும் கூப்பிடறது. பள்ளிக்கூடத்துல குடுத்த பேரு?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அது எங்க மாமனாருதுங்க."

"சரி, மாமனார் பேரைச் சொல்லுங்க."

"அதெப்படிங்க சொல்றது?"

"அவரு இப்ப இருக்காரா?"

"போயி நாப்பது வருசமாச்சுங்க."

"பின்ன என்னம்மா?"

"போயிட்டா மாமனார் இல்லீன்னு ஆயிருமுங்களா?"

ஆய்வாளர் தண்ணீர் குடித்தார். "சரி, இப்ப வச்சிருக்கிற பேராவது தெரியுமா?"

"அது என்னமோ ஒண்ணு இருக்குதுங்க, வாயில வராது. முன்னெல்லாம் அந்தப் பேருக்குக் காயிதம் வரும். அப்படி ஆரும் இந்த ஊட்டுல இல்லீன்னு போஸ்ட்மேனுகிட்டத் திருப்பிக் குடுத்துருவனுங்க."

பதில் போடாத பத்திரிகை ஆசிரியர்கள் மேல் முப்பது வருடமாக நான் வைத்திருந்த கோபத்தை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, ஒரே ஒரு தடவை சொல்லிருங்க" என்று கெஞ்சினேன்.

"கண்ணாலமாயி வந்த நாள்ல இருந்து சொன்னதில்லே. நீ ஏரோப்பிளேன் ஏறோணும்னு இப்பச் சொல்லோணுமாக்கும்?"

ஆய்வாளர் கோப்பை மூடினார். "சாட்சி சொல்ல மாட்டேங்கறாங்களே சார், நான் என்னத்த எழுதறது?" மனைவி என்னைப் பார்த்தார். அவர் மட்டும் போவது என்று அந்தப் பார்வையிலேயே பாதி முடிவாகியிருந்தது.

கிளம்பப் போன ஆய்வாளர், என்ன தோன்றியதோ, சான்றிதழை எடுத்து அதில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். நாற்காலி கிரீச்சென்றது. யாரும் கை கொடுக்காமல் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க," ஆய்வாளர் பதறிப்போனார். பிறகு என்னிடம் மெதுவாக, "பேரு இதுதான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்தத் தாத்தாவுக்கு வேற பேரனுங்களும் இருப்பாங்கல்ல? இது உங்களுதுதான்னு எப்படிச் சொல்றது?"

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "இருக்கறானுங்க அம்மிணி, இதே பேர்ல இன்னும் ரெண்டு பேரு. ஆனாக் கணக்குல போனவன் இவன் ஒருத்தன்தான். மறுக்கா எழுதித்தான் தேறுனான். அதுல இருக்கும், பாருங்க."

இருந்தது. கணக்குக்கு மட்டும் தனித் தேதி, தனி முத்திரை. பள்ளியில் முதல் மூன்று பேரில் நானும் ஒருவன் என்று கல்யாணமான புதிதில் நான் சொல்லியிருந்தேன். மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். 'இருவரும் ஒருவரே.' அந்த இரண்டு வார்த்தைகளைப் போல ஒரு வரி என் நான்கு கவிதைகளிலும் இல்லை.

பேருந்தில் ராசிபுரம் வரைக்கும் மனைவி என் சான்றிதழைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்; சேலம் வரைக்கும் விட்டு விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டு ஆட்களைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தவன் ஒருவனை இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. மகளுக்கு போன் போட்டு, "நானும் வாரேன்" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிப்ரவரி கடைசியில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போலீஸ் விசாரணைக்கு வந்தவர் அவரிடம்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்ல வேண்டாமா?

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, இது உங்களுக்குத்தானுங்களா?" என்றார். "போலீஸ்காரரு ரெண்டு பேரைப் படிச்சுக் காட்டி ஆளைத் தெரியுமான்னு கேட்டாருங்க. ரெண்டு பேருமே இந்த வீதியில இல்லீங்க, டீச்சரம்மா வீட்டுக்காரருன்னு ஒருத்தரு சும்மாதான் இருக்காரு, வேணும்னா அவரைக் கேட்டுப் பாருங்கன்னு அனுப்பிச்சேன்."