எதிர்ப் பக்கம் நின்னு வரஞ்ச மடை

நான் சொல்லச் சொல்ல எம்மகதான் இத எழுதுறா. எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துப் போடுவேன். அதுவும் வேலிக்கு வெட்டிப் போட்ட முள்ளு மாதிரி இருக்கும். ஆனா ஒரு கூட்டத்துக்குப் போனா அங்க யாரு என்ன பேசுனாங்கன்னு ஒண்ணு விடாம வரஞ்சுக்கிட்டு வந்துருவேன். மாசக் காலண்டர்த் தாளு இருக்கே, மாசம் முடிஞ்சதும் கிழிச்சிருவோம்ல, அதோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும். அதச் சுருட்டி அக்குள்ல வச்சுக்குவேன். ஒரு பேனா. அவ்வளவுதான்.

இது எப்பிடி வந்துச்சுன்னா, எளந்தாரியா இருக்கையில திருமயத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில வேல பாத்தேன். ஆபீசு ஆபீசா டீ கொண்டு போறது என் வேலை. பத்துப் பேரு பத்து வெதமாக் கேப்பாங்க. ஒருத்தருக்கு ஸ்ட்ராங்கு, ஒருத்தருக்கு பால் கம்மி, ஒருத்தருக்கு டீயே ஆகாது, காப்பி. எழுதத் தெரிஞ்சவன் எழுதிக்குவான். நான் சிகரெட்டு அட்டையில மூஞ்சி போட்டுக்குவேன். கண்ணாடின்னா காப்பி. வழுக்கைன்னா ஸ்ட்ராங்கு. மீசைன்னா சீனி இல்லாத டீ. ஒரு நா அந்த மீசைக்காரரு மீசைய எடுத்துட்டு வந்து ஒக்காந்திருக்காரு. எனக்கு எப்பிடித் தெரியும்? சீனியப் போட்டுக் குடுத்துட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏம்ப்பா, எனக்குச் சக்கரை இருக்குன்னு தெரியாதா ஒனக்கு?"ன்னாரு. "மீசையக் காணோமே சார்"னேன். ஆபீசே சிரிச்சுச்சு.

அப்ப விட்டது, வயசான காலத்துல கண்மாய்ச் சங்கத்துல திரும்பத் தொடங்குச்சு. எங்க ஊருக் கண்மாய்க்கு ரெண்டு மடை. வடக்கு மடை ஒண்ணு, தெக்கு மடை ஒண்ணு. ரெண்டுக்கும் கீழ வயக்காடு. அதுல பாயிற ஆளுகதான் சங்கம். ஆபீசுல கூட்டம்னு கூப்புட்டா யாராவது போகணும். மொதல்ல படிச்ச ஆளத்தான் அனுப்புனோம். அவரு நோட்டோட போவாரு, நோட்டோட வருவாரு. என்னய்யா சொன்னாங்கன்னு கேட்டா, "பாக்குறோம்னாங்க"ம்பாரு. அதுக்கு பஸ்ஸுக்குக் குடுத்த காசு வீணுதானே? ஒரு தடவை அவருக்கு மேலுக்கு முடியலன்னு நான் போனேன். வந்து ரேஷன் கடை வாசல்ல தாள விரிச்சுப் போட்டு, இந்தா இவரு பேசுனாரு, இத இவரு முடியாதுன்னாரு, இந்தா இவரு கொட்டாவி விட்டாருன்னு ஒவ்வொரு படமா வெரல வச்சுச் சொன்னேன். சனம் அப்பிடியே குந்தி ஒக்காந்து கேட்டுச்சு. அதுலருந்து நாந்தான்.

ஒரு தடவை திருக்கோகர்ணத்துல ஒரு மண்டபத்துல வெவசாயிகளுக்குக் கூட்டம் வச்சாங்க. அங்க செவுத்துல ஆளு ஒசரத்துக்கு வெள்ளத்தாளு ஒட்டி, ஒரு பொம்பளப் புள்ள கலர் கலரான தடிப் பேனாவ வச்சுக்கிட்டு மேடையில பேசப் பேச வரஞ்சுக்கிட்டு நின்னுச்சு. மழைன்னா மேகம், கடன்னா ஒரு ஆளு முதுகுல மூட்டை. எனக்குப் பேச்சே காதுல ஏறல. நம்மள மாதிரி இன்னொரு கிறுக்கு இருக்குடான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். டீ குடுக்கையில போயி என் தாளக் காட்டுனேன். அந்தப் புள்ள சுத்திச் சுத்திப் பாத்துச்சு.

"ஐயா, இது என்னங்க, வாயத் தொறந்துக்கிட்டு? பாட்டுப் பாடுறாரா?"

"இல்லத்தா, கொட்டாவி."

"யாருங்க அது?"

"ரெண்டாவதாப் பேசுனாருல்ல, அவரு பேசுறப்ப மொதல்ல பேசுனவரு."

அது விழுந்து விழுந்து சிரிச்சுட்டு என் தாள போன்ல படம் புடிச்சுக்கிச்சு. எனக்கு அன்னைக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையோட இருந்ததாலதான் இந்தக் கூத்து நடந்துச்சோ என்னவோ.

போன மாசி மாசம். அந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சு, தை அறுப்பு முடிஞ்சும் கண்மாயில பாதிக்குத் தண்ணி கெடந்துச்சு. கோடைக்கு ஒரு போகம் போட்டுரலாம்னு எல்லாருக்கும் ஆசை. அந்த நேரம் பாத்து ஆபீசுலருந்து தகவல் வருது, மடை ரெண்டுல ஒண்ண இந்தக் கோடையில இடிச்சுப் புதுசாக் கட்டப் போறாங்கன்னு. கட்டுற மடைய மண்ணு மூட்டை போட்டு அடைச்சிருவாங்க. அந்தப் பக்கத்துக்குச் சொட்டுத் தண்ணி வராது. அடுத்த மடைக்கு வரும். எந்த மடைன்னு கேட்டுட்டு வாங்கன்னு என்னைய அனுப்புனாங்க.

இதுல எனக்குன்னு ஒண்ணு இருக்கு. என் வயலு தெக்கு மடையில. எம்மகளக் கட்டிக் குடுத்த வீடும் இதே ஊருதான். சம்பந்தி வயலு வடக்கு மடையில.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஒரே நாள்ல பதினஞ்சு ஊருக் கண்மாய்க்குப் பேசுறாங்க. மேசையச் சுத்தி ஒரே கூட்டம். என்ஜினீயரு நாக்காலியில ஒக்காந்திருக்காரு, நான் எதிர்ப் பக்கம் நின்னு எட்டிப் பாக்குறேன். எங்க ஊரு வந்ததும் ஒரு ஜெராக்ஸ் தாள எடுத்து மேசையில போட்டாரு. வில்லு மாதிரி வளைஞ்சு கரை, அதுல ரெண்டு கட்டம், அதுதான் மடை. "ஸ்லூஸ் நம்பர் டூ. இதத்தான் இப்ப எடுக்குறோம். அந்த மடையில பாயிற ஆயக்கட்டுல கோடைக்கு யாரும் நட வேண்டாம்னு சொல்லிருங்க பெரியவரே"ன்னு பேனாவ ஒரு கட்டத்து மேல வச்சாரு. அதுக்குள்ள அவருக்கு போன் வந்துருச்சு. பின்னாடி நின்னவன் என் தோள்பட்டையில முட்டுறான். நான் அவசர அவசரமா அந்தத் தாள அப்பிடியே பாத்து வரஞ்சேன். கரை, ரெண்டு கட்டம், ஒரு ஓரத்துல முக்கோணம் ஒண்ணு கெடந்துச்சு, அதையும் போட்டேன். பேனா எந்தக் கட்டத்துல நின்னுச்சோ அதுல ஒரு கையி. பக்கத்துல என்ஜினீயரு மூஞ்சி.

ஊருக்கு வந்து தாள விரிச்சேன். ஊருலருந்து கரையப் பாத்து நின்னா வலது கைப்பக்கம் வடக்கு, இடது கைப்பக்கம் தெக்கு. தாளுல கையி இருந்தது வலது பக்கத்துக் கட்டத்துல. "வடக்கு மடையத்தான் கட்டுறாங்க. வடக்க யாரும் வெதைக்காதீங்க"ன்னு சொல்லிட்டேன்.

சம்பந்தி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டே எந்திரிச்சாரு.

"வரையிறவரு வயலு தெக்க இருக்கு. அப்ப அடைக்கிறது வடக்காத்தானே இருக்கும்?"ன்னாரு.

"என்னங்க சம்பந்தி, நானா மடைய எடுக்கச் சொன்னேன்? அவரு பேனா வச்ச எடத்தத்தான் வரஞ்சேன்."

"பேனா அவருதா, வரஞ்ச கையி யாருதுங்க?"ன்னுட்டுப் போயிட்டாரு.

வடக்குப் பக்கத்து ஆளுக ஒருத்தரும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. மகளுக்கு அந்த வீட்டுல சோறு எறங்குமான்னு நெனச்சேன். தெக்குப் பக்கம் சந்தோசந்தான். எம் மச்சினன், எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன், அவன் வயலு என் வயலுக்கு அடுத்தது. சனிக்கிழமை விடியவும் வெதை நெல்ல ஊறப் போட்டுட்டான். எனக்கும் சேத்தே போட்டான். வெதைய ஒரு நா ஊறப் போட்டு, சாக்குல கட்டி, வைக்கோலப் போட்டு மூடி, மேல கல்லு ஏத்தி வச்சா மொளை விட்டுரும். திங்கக்கிழமை காலையில நாத்தங்கால்ல தெளிக்கணும். மொளை வந்த வெதைய திரும்பக் காய வச்சு மூட்டைக்குள்ள போட முடியாது. ஒண்ணு தெளிக்கணும், இல்ல கோழிக்குப் போடணும்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் மக வந்தா. மொகம் வீங்கிக் கெடந்துச்சு. வந்ததும் வராததுமா, "அந்தத் தாள எடுப்பா"ன்னா.

"மொதல்ல சாப்புடாத்தா."

"சாப்பாடு கெடக்கட்டும். மாமா ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. தண்ணி வேணும்னாக்கூட செவுத்தப் பாத்துக் கேக்குறாரு. தாள எடு."

எடுத்துக் குடுத்தேன். தரையில விரிச்சு வச்சுப் பாத்தா. எனக்கு அவ பாக்குறதப் பாத்தாலே கூச்சமா இருந்துச்சு. ஒரு ஓரத்துல வெரல வச்சா.

"இது என்னப்பா முக்கோணம்?"

"தெரியலத்தா. அந்தத் தாளுல கெடந்துச்சு. போட்டேன்."

"கூடாரமா?"

"கண்மாய்க் கரையில யாரு கூடாரம் போட்டிருக்கா?"

அப்பத்தான் அவ நிமிந்து என்னையப் பாத்தா. "அப்பா, கரையில இருக்குறது ஒரே ஒரு கட்டடம். அய்யனார் கோயிலு. அது எந்தப் பக்கம் இருக்கு?"

"தெக்குக் கடைசியில."

"முக்கோணத்துக்குப் பக்கத்துலதானே கையப் போட்டு வச்சிருக்க?"

கோயிலு தெக்கன்னா பக்கத்து மடை தெக்கு மடை. ஆனா தாளுல அது வலது பக்கம் இருக்கு. அவளே கேட்டா, "நீ எங்கிட்டு நின்ன?"

"மேசைக்கு அங்கிட்டு. அவருக்கு எதுக்க."

அவ தாள எடுத்து அரைவட்டமாத் திருப்பி வச்சா. கரை ஊரப் பாத்து வளைஞ்சுச்சு. கோயிலு இடது பக்கம் வந்து ஒக்காந்துச்சு. என்ஜினீயரு தலைகீழாத் தொங்குனாரு.

எழுத்துத் தெரிஞ்சவனா இருந்தா, எதுக்க நின்னு பாக்கும்போதே எழுத்து தலைகீழா இருக்கேன்னு தெரிஞ்சிருக்கும். எனக்கு எழுத்து நின்னாலும் படுத்தாலும் ஒண்ணுதான். கண்மாய்த் தண்ணிக்குள்ள நின்னு ஊரப் பாத்த மாதிரி வரஞ்சுட்டு, ஊருல நின்னு பாத்த மாதிரி சொல்லியிருக்கேன்.

எம்மக அந்தத் தாளப் படம் புடிச்சு, கோயிலுக்குப் பக்கத்து மடைதானான்னு கேட்டு, சங்கத்து நோட்டுல இருந்த என்ஜினீயரு நம்பருக்கு அனுப்புனா. ஞாயித்துக்கெழமை, அவரு பாப்பாரான்னு தெரியாது. போன நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தோம். அப்பத்தான் ஒண்ணு எனக்கு ஒறச்சுச்சு. தெக்கு மடைன்னா அடைக்கப் போறது என் வயலுக்கு வர்ற தண்ணி. இந்தக் கோடை எனக்கு நெல்லு இல்ல. ஆனாலும் அந்த முக்கோணம் கோயிலாவே இருக்கணும்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. வேற எதுவும் தோணல.

பொழுது எறங்குற நேரம் போன்ல அவரு பேசி அனுப்புன சத்தம் வந்துச்சு. "ஆமாங்க, கோயிலுக்குப் பக்கத்து மடைதான். அதுதான் நம்பர் டூ. யாருங்க வரஞ்சது, அந்தப் பெரியவரா? நல்லா வரஞ்சிருக்காரு. என்னையத்தான் இவ்வளவு குண்டாப் போட்டுட்டாரு."

எம்மக சிரிச்சா. ரெண்டு நாளு கழிச்சு சிரிக்குறா. நான் தூண்ல சாஞ்சுட்டேன். முதுகுலருந்து ஒரு மூட்டைய யாரோ எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு.

அப்பறம் மச்சினன் வீட்டுக்குப் போனோம். சொன்னதும் தலையில கைய வச்சுட்டான். "அத்தான், கல்லத் தூக்கிப் பாத்தேன், மொளை வெள்ளை வெளேர்னு வந்துருச்சு. இத என்ன செய்ய, அவிச்சுத் திங்கவா?"

"வடக்க நாத்தங்கால் இருக்குல்ல மாப்ள. வா"ன்னேன்.

வடக்குப் பக்கத்துல ஒருத்தரும் வெதை ஊறப் போடல, நான் பண்ணுன வேலையில. சம்பந்தி வீட்டு வாசல்ல போயி நின்னேன். அவரு கயித்துக் கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. வாங்கன்னு சொல்லல. நான் தாள அவரு முன்னால விரிச்சு, தலைகீழாத் திருப்பி வச்சு, எல்லாத்தையும் சொன்னேன். எதுக்க நின்னது, எழுத்து, கோயிலு, என்ஜினீயரு பேசுனது. போனையும் போட்டுக் காட்டுனா மக. அவரு அத ரெண்டு தடவை கேட்டாரு. குண்டாப் போட்டுட்டாருங்குற எடத்துல மட்டும் உதடு லேசா அசைஞ்சுச்சு.

"அப்ப ஒங்க பயிரு போச்சுங்க"ன்னாரு.

"போச்சு."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"வெதை மொளை விட்டுக் கெடக்குங்க சம்பந்தி, ஒங்க நாத்தங்கால்ல தெளிச்சுக்கங்க. பேசிக்கிட்டு நிக்க நேரமில்ல."

அவரு எந்திரிச்சு, "ஏம்மா, ஒங்கப்பாவுக்கு டீ போடு, இனிப்புத் தூக்கலா. வரஞ்சு வரஞ்சு களைச்சுப் போயிருப்பாரு"ன்னாரு. எம்மகளப் பாத்து நேராச் சொன்னாரு, செவுத்தப் பாத்து இல்ல. அது போதும் எனக்கு.

அப்பவே டில்லர எறக்கி, வடக்கு மடையத் தெறந்து, நாத்தங்கால ஒழப்பி வச்சாரு. விடியக்காலம் நானும் மச்சினனும் சாக்க வண்டியில ஏத்திக்கிட்டுப் போனோம். எங்க வெதைய அவரு மண்ணுல நாங்களே தெளிச்சோம். வடக்குப் பக்கத்து ஆளுக நாலஞ்சு பேரு வரப்புல நின்னாங்க. ஒருத்தரு கேட்டாரு, "பெரியவரே, இந்த வயலு நேராத்தான் இருக்கா, இல்ல நாங்க எதுக்க நிக்கிறமா?" நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

அறுப்பு முடிஞ்சு சம்பந்தி எனக்கும் மச்சினனுக்கும் ஆளுக்கு ரெண்டு மூட்டை அனுப்பி வச்சாரு. நாங்க கேக்கல. தெக்கு மடையும் இப்ப நல்லா கெட்டியாக் கட்டி முடிஞ்சிருச்சு, ஒழுகல.

அடுத்த கூட்டத்துக்கும் நாந்தான் போனேன். போகும்போது சம்பந்தியே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து காலண்டர்த் தாளக் குடுத்தாரு. அங்க போனதும் நான் மேசையச் சுத்திப் போயி, என்ஜினீயரு நாக்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

"என்னங்க பெரியவரே, எதுக்க எடம் இருக்குல்ல?"ன்னாரு.

"இருக்கட்டும் சார். கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே நாக்காலிய நகத்துனாரு. அன்னைக்கு அவர நல்லா ஒல்லியாப் போட்டேன்.