இவரை நேரில் அறிவேன்

படத்தைக் கையில் வாங்கியதும் அரியநாயகம் அதைக் கவிழ்த்துத்தான் மேசையில் வைப்பார். பிறகு எதிர்க் கதிரையில் இருப்பவரிடம் ஊர்ப் புதினம் கேட்கத் தொடங்குவார். கிணறு கடைசியாக எப்போது இறைத்தது, தமக்கையின் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததா, போன கிழமை பஸ்ஸில் இடமிருந்தும் ஏன் நின்றுகொண்டு வந்தீர். வந்தவர் இருப்புக்கொள்ளாமல் நெளிவார். கால் மணி நேரம் போனபின், பேச்சின் நடுவில் படத்தைச் சட்டென்று திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். "ஓம், நீர்தான்" என்று அவர் வாயில் வந்துவிட்டால் பாதிக் கண்டம் தாண்டியாயிற்று.

மீதிக் கண்டம் ஒரு வரி. கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், சமாதான நீதவான் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே அச்சடித்திருக்கும்: இவரை நான் இத்தனை வருடங்களாக நேரில் அறிவேன். அந்த இடைவெளியில் ஐந்து என்றோ பத்து என்றோ கைபோன போக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. புளியங்கூடலின் சமாதான நீதவான் அரியநாயகம் அந்த வரியை ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிப்பார். வாசித்துவிட்டு, அது கேட்கிற கேள்விக்குப் பதில் யோசிப்பார். அதுதான் தொல்லை.

முப்பத்தொரு வருடம் மலைநாட்டுப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அடுத்த நிலையத்தின் சம்மதம் வராமல் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. மந்திரி ஏறியிருந்த வண்டியையும் நிறுத்திவைத்தவர் என்று சொல்வார்கள். அதைக் கேட்டால் அவர் திருத்துவார்: "மந்திரி இல்லை, மந்திரியின்ர மச்சான்." சட்டைப் பையில் இரண்டு பேனைகள். நீலம் சாதாரண எழுத்துக்கு, கறுப்பு கையெழுத்துக்கு. கறுப்புப் பேனையின் மூடி கழன்றால்தான் வந்தவர் மூச்சுவிடுவார். "லைன் கிளியர் இல்லாமல் ஆளை அனுப்பேலாது தம்பி. நீர் போய் அங்க முட்டுப்பட்டால் என்ர கையெழுத்தும் சேர்ந்தெல்லோ முட்டுப்படும்" என்பார்.

வெளிநாட்டு அலுவல் என்று வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதில் மட்டும் அவர் கஞ்சன் அல்ல. லண்டனுக்குப் படிக்கப் போகிறவன் என்ன கடிதம் காட்டவேண்டும், நைஜீரியாவுக்கு ஆசிரியராகப் போகிறவரின் மனைவி எதை முதலில் எடுக்கவேண்டும் எல்லாம் விரல்நுனியில். விசாவுக்கும் வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒரே மூச்சில் விளங்கப்படுத்துவார். "விசா எண்டால் படலையைத் திறந்து விடுறது. வதிவிடம் எண்டால் கதிரை போட்டு இருத்துறது. குடியுரிமை எண்டால் நீரே குசினிக்குள்ள போய்ச் சோறு போட்டுச் சாப்பிடுறது. படலையடியில நிண்டுகொண்டு சோத்தை யோசியாதையும்."

சொந்தத் தம்பியின் மகனுக்கே ஒருமுறை கையெழுத்து மறுத்தார். பையன் கொழும்பிலேயே வளர்ந்தவன். கலியாண வீடுகளில் நாலு தடவை கண்டதைத் தவிர அவருக்கு அவனைத் தெரியாது. தம்பி மூன்று வருடம் பேசாமலிருந்தார். மனைவி சீதேவிக்கு இன்றும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை. "உங்களை நான் நாற்பது வருசமா அறிவன். எண்டாலும் ஆரும் உங்களுக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னால் யோசிச்சுத்தான் வைப்பன்" என்பாள். அவர் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசியில் மனோகரி அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இருபத்தாறு வயது. தெற்கே ஒரு பட்டினத்தில் தகப்பனுக்குப் பலசரக்குக் கடை. அவள் பிறந்ததும் படித்ததும் கடைக்கு மேல்மாடியில். முந்திய ஆவணியில் தமிழர்மேல் எழுந்த கலவரத்தில் கடையும் மாடியும் எரிந்தன. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, தாய் தகப்பனோடு எழுவைதீவில் சின்னம்மா நல்லம்மாவின் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். கணவன் குலசிங்கம் சாம்பியாவில் கணித ஆசிரியர். கலியாணம் முடித்து நாற்பத்தொரு நாள் சேர்ந்திருந்தார்கள்; பிரிந்து பதினான்கு மாதம். சாம்பியா கொடுத்த நுழைவு அனுமதி பங்குனி முடிவோடு காலாவதியாகும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் ஒரு வருடம்.

ஏற்கெனவே ஒருமுறை விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. யாரோ ஒருவர் பத்து வருடமாக அறிவேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கொழும்பிலிருந்து விசாரித்து அவருக்குக் கடிதம் போனபோது, அவளுடைய தகப்பன் பெயரையே மாற்றி எழுதிவிட்டார். பத்திரங்கள் எரிந்துபோன ஒருத்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னும் பதினொரு நாளுக்குள், நம்பத்தகுந்த ஒருவரின் சான்றோடு, விண்ணப்பம் மறுபடி அங்கே இருக்கவேண்டும்.

அரியநாயகம் எல்லாவற்றையும் கேட்டார். கதை நெஞ்சைத் தொட்டது, பேனையைத் தொடவில்லை.

"பிள்ளை, நீர் சொல்லுறது எல்லாம் உண்மையா இருக்கும். ஆனால் உம்மை எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான் ஐயா" என்றாள் மனோகரி. "அப்ப தெரிஞ்சுகொள்ளுங்கோ. எனக்குப் பதினொரு நாள் இருக்கு."

இத்தனை வருடத்தில் அவரிடம் அழுதவர்கள் உண்டு, உறவு சொன்னவர்கள் உண்டு. இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த நாள் காலை அரியநாயகம் குடையும் பையுமாக ஊர்காவற்றுறைத் துறையில் எழுவைதீவு வள்ளத்துக்கு நின்றார்.

தண்டவாளம் இல்லாமல் ஓடும் எதையும் அவர் வாகனமாக மதித்ததில்லை. வள்ளத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடையைக் கட்டிப்பிடித்திருந்தார். கரையேறியபோது முகம் பச்சையாக இருந்தது. மனோகரி உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். மற்ற எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்தார்.

பூவரச மரத்தின் கீழ் கதிரை போட்டு இருந்தவர், அன்று பொழுதுபடும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோழிகளைச் சிங்களத்தில் கூப்பிட்டாள். ஆறு மாதத்தில் எழுவைதீவுக் கோழிகளும் அந்தப் பாஷையைப் படித்திருந்தன. வேலைக்கு நடுவில் இரண்டு தரம் தகப்பனிடம் போய் அரிசி விலை, சீனி விலை என்று கதை கேட்டாள். கடை போனபிறகு அந்த மனிதர் வாய் திறப்பது அந்தப் பேச்சுக்கு மட்டும்தான்.

இரண்டாம் நாள் கருவாட்டு வியாபாரி வந்தான். நல்லம்மாவின் கருவாட்டுக் கட்டை அவன் தராசில் போட்டு எட்டரை றாத்தல் என்றான். மனோகரி கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இது ஒம்பதே முக்கால். தராசை ஒருக்காச் சரியாப் பிடியுங்கோ." பக்கத்து வீட்டுத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தபோது ஒன்பதே முக்கால் இருந்தது. அடுத்த கட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தராசு அவள் கைக்கணக்கைவிட அரை றாத்தல் கூடக் காட்டியது. அது வியாபாரிக்கு நட்டம் என்பதையும் அவளே சொன்னாள். நல்லம்மா அவள் கையில் நறுக்கென்று கிள்ளியதை அரியநாயகம் கண்டார்.

மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

"கடையைக் கொளுத்தினது ஆர் எண்டு தெரியுமோ?"

அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"பொலிஸிலயும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை. பக்கத்துக் கடைக்காரன்ர பேரைச் சொல்லச் சொல்லி எங்கட ஆக்களும் நிண்டவை. புகைக்குள்ள ஒரு குரல் கேட்டது. அவன்ர குரல் மாதிரித்தான் இருந்தது. ஆனால் முகம் காணேல்ல." சுளகை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "காணாததைக் கண்டனான் எண்டு எழுதிக் குடுக்கேலாது ஐயா. எரிஞ்சது எங்கட கடையாய் இருந்தாலும்."

அரியநாயகத்துக்கு, நாற்பது வருடமாகத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த பாதையில் எதிரே ஒரு விளக்கு வருவதைக் கண்டதுபோல இருந்தது. அந்தப் பெண்ணை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்தார்.

அச்சடித்த 'வருடங்கள்' என்ற சொல்லை வெட்டி 'நாட்கள்' என்று எழுதினார். இடைவெளியில் 'மூன்று'. அவள் படலை திறந்து வந்த முதல் நாளை அவர் சேர்க்கவில்லை. அன்று பார்த்தது விண்ணப்பத்தைத்தான், ஆளை அல்ல. பிறகு தனித்தாளில் இரண்டு பக்கம்: கோழி, தகப்பன், தராசு, புகைக்குள் கேட்ட குரல். கையெழுத்தும் முத்திரையும் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, கடைசி வள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார்.

வீட்டில் சீதேவி பொரிந்து தள்ளினாள்.

"மூண்டு நாளோ? விசர் பிடிச்சிட்டுதோ உங்களுக்கு? மூண்டு நாள் எண்டு கண்டால் அடுத்த வரியை ஆரும் வாசிப்பினமோ? அஞ்சு வருசம் எண்டு போட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"அஞ்சு வருசம் எண்டு போட்டால், மற்ற இரண்டு பக்கமும் பொய்யாப் போகும்."

"அந்தப் பிள்ளை புருசனிட்டப் போகாட்டில்?"

அரியநாயகம் அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்தத் தாள் கொழும்பில் செல்லுபடியானது என்பதை இப்போது சொல்லலாம். யார் வாசித்தார், என்ன நினைத்தார் தெரியாது, கடவுச்சீட்டு வந்தது. பங்குனி இருபத்தேழாம் தேதி மனோகரி விமானம் ஏறினாள். வதிவிட அனுமதியும் கிடைத்துவிட்டதாம். கதிரை போட்டுவிட்டார்கள், குசினி இன்னும் தூரம் என்று எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த நாலாம் நாள் காலையில் இது ஒன்றும் ஒருவருக்கும் தெரியாது.

அன்று மனோகரி விண்ணப்பத்தோடு கொழும்புக்குப் புறப்படுகிற நாள். அரியநாயகம் விடியமுன் எழுந்து முகம் கழுவி, சட்டையைப் போட்டு, கறுப்புப் பேனையை எடுத்தார். சீதேவி அதைக் கண்டாள். மனிதர் விடியவிடிய யோசித்து ஒருமாதிரி வழிக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷம். பிள்ளைக்கு வழியில் தின்னப் பனங்கட்டிக் குட்டான் ஒன்றைத் துணியில் முடிந்துகொண்டு அவளும் கூடவே போனாள்.

துறையில் யாழ்ப்பாணம் போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வள்ளத்திலிருந்து மனோகரி சூட்கேஸோடு இறங்கினாள்.

"பிள்ளை, அந்தக் கடுதாசியை ஒருக்கா எடும்."

மனோகரி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கையெழுத்தைத் திருப்பி வாங்கவா வந்திருக்கிறார்? சீதேவி அவள் தோளைத் தொட்டு, "பயப்பிடாதையும், நல்லதுக்குத்தான்" என்றாள். மனோகரி உறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள்.

அரியநாயகம் குந்தியிருந்து, சூட்கேஸின்மேல் தாளை விரித்து, காற்று தூக்காதபடி முழங்கையால் அழுத்திக்கொண்டார். 'மூன்று' என்ற சொல்லின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே 'நான்கு' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, அதன் கீழே அன்றைய தேதி.

சீதேவி தலையில் கைவைத்தாள். கொண்டக்டர் மணியை அடித்தான்.

"இண்டைக்கும் கண்டனான்தானே" என்றார் அரியநாயகம், யாரையும் பார்க்காமல். பிறகு தாளை இரண்டு கையாலும் வாய்க்கு நேரே பிடித்து, மை காயும்வரை மெதுவாக ஊதினார்.