மோட்டார் சைக்கிளுக்கு மஞ்சள் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை. ஹட்டனில் என் ஸ்டூடியோவின் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். பொகவந்தலாவை பஸ் கொண்டக்டர் ஒரு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து, என் காலடியில் பொத்தென்று போட்டார்.

“அண்ணே, ஒங்களுக்குத்தான். பாக்கியம்னு ஒரு அக்கா ஏத்திவிட்டாங்க. வண்டிக்குப் போக மிச்சம்னு சொல்லச் சொன்னாங்க.”

சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கு! மண் வாசனை மாறாமல், உருண்டு திரண்டு, ஒன்றைப் பார்த்தாலே பசிக்கிற மாதிரி. இந்த மார்க்கெட்டில் காசு கொடுத்தாலும் இப்படிக் கிடைக்குமா?

வீட்டுக்குக் கொண்டுபோனதும் என் மனைவி ஜெசிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எந்தக் கல்யாண வீட்டுல படம் எடுத்துட்டுக் காசுக்குப் பதிலா இதை வாங்கிட்டு வர்றீங்க?”

என் வியாபாரத் திறமையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“கல்யாணம் இல்லை. மோட்டார் சைக்கிள்” என்றேன்.

“மோட்டார் சைக்கிளுக்கா படம் எடுத்தீங்க?”

“ஆமாம். மாலை போட்டு, பொட்டு வைத்து.”

அவள் சிரித்துவிட்டாள். நீங்களும் சிரிக்கிறீர்கள் என்று தெரிகிறது... கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை. விவசாய ஆபீசிலிருந்து திலகசிறி மாத்தயா (மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா) என்று ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். தெற்கே வெயில் கொளுத்தும் ஊர்க்காரர். இரண்டு சுவெட்டர் போட்டும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

“இதுல ஒரு சொட்டு பெற்றோல் இல்லை. எல்லாம் மரவள்ளிக் கிழங்கு” என்றார் தமிழில்.

நான் வண்டியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். ஒருவேளை மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ?

பிறகுதான் விளங்கப்படுத்தினார். மரவள்ளியை அவித்து, புளிக்க வைத்து, வடித்து எடுத்த ஸ்பிரிட்டாம். அதிலேயே என்ஜின் ஓடுமாம். பெற்றோல் விலை ஏறுகிற ஏற்றத்தில் இனிமேல் விவசாயிதான் நாட்டுக்கே எண்ணெய்க் கிணறு என்றார். சும்மா கிடக்கும் நிலத்திலெல்லாம் பயிர் வைக்கும்படி தோட்டங்களைச் சம்மதிக்க வைப்பது அவர் வேலை. நுவரெலியாவில் நடக்கப்போகும் விவசாயக் கண்காட்சிக்கு ஒரு நல்ல படமும் வேண்டும். மறுநாள் காலை பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அதை நடத்தும் பெரிய துரையின் முன்னால் வண்டியை ஓட்டிக்காட்டப் போகிறார், நான் வந்து எடுக்க வேண்டும்.

“நல்லா ஓடுமா?” என்றேன்.

“கினிகத்தேனையில இருந்து இதுலதானே ஏறி வந்தது! ஒரு பிரச்சினையும் இல்லை.”

சொன்னபடியே உதைத்தார், கிளம்பியது, போய்விட்டார். பின்னால் வந்த புகையில் கள்ளுத் தவறணை வாசல் வாசனை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். ஜன்னல் கண்ணாடி இல்லாத ஸீட்டுதான் எனக்கென்று எப்போதும் காலியாக இருக்கும். கேமராவை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்து, கைக்கு மேல் மப்ளரைச் சுற்றி... இறங்கியபோது என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

தொழிற்சாலை முற்றத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு நின்றது. வேலை இல்லாத நாளில், அந்தப் பனியில், ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்க்க இத்தனை பேரா? முன்வரிசையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன். அவர்தான் பாக்கியம். கொழுந்து எடுக்கிறவர்.

“வண்டியப் பாக்க இல்லீங்க. அந்தா தெரியுது பாருங்க, அந்த மலைக்காக” என்று லயத்துக்குக் கீழே கை காட்டினார்.

பழைய தேயிலை பட்டுப்போய், மானாப் புல் மண்டிக் கிடந்தது ஒரு சரிவு. பல வருஷமாக யாருக்கும் பிரயோசனமில்லை. பாக்கியக்கா இரண்டு தடவை அங்கே போஞ்சி நட்டிருக்கிறார். இரண்டு தடவையும் கொடி பூக்கிற சமயம் பார்த்துக் காவல்காரர் பிடுங்கிப் போட்டுவிட்டார். தோட்டத்து மண்ணில் தேயிலை தவிர எதுவும் முளைக்கக்கூடாது. அதுதான் சட்டம்.

“நேத்து ராத்திரி இந்த மாத்தயா தொரைகிட்ட ரொம்ப நேரம் பேசுனாருங்களாம். இந்த வண்டி பங்களா வரைக்கும் ஏறட்டும், அந்த மலைய லயத்துக்கே குடுக்கிறேன்னு தொரை சொல்லிட்டாரு. ஏறலேன்னா அடுத்த வாரமே விறகு மரம் நட்டுருவாங்க.”

“மரவள்ளி நடப்போறீங்களா அக்கா?”

“மொதல்ல மலை வரட்டுங்க.” கம்பளியை இழுத்துப் போர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அந்தப் பஞ்சத்துல எம் மூத்த மகளுக்கு வெறும் சாயத்தண்ணியக் குடுத்துத்தாங்க தூங்க வச்சேன். சுத்தி எங்க பாத்தாலும் பச்சையாத்தான் இருந்துச்சு. தேயிலையத் திங்க முடியுங்களா?”

பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் நாம் கியூவில் நின்ற வருஷங்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். டவுனில் எங்களுக்குக் கியூவாவது இருந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் ஒரு போஸ்டர். மண்வெட்டியோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ‘பயிர் செய்வோம், நாட்டை வளர்ப்போம்.’ அவர் காலடியில் நல்ல கருப்பு மண். அது அவருடைய சொந்த மண் போலிருக்கிறது! போஞ்சியைப் பிடுங்கிய காவல்காரர் தினமும் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்.

பெரிய துரை வந்தார். திலகசிறி மாத்தயா ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கேமராவைத் தூக்கினேன். உதைத்தார்.

ஒன்றும் இல்லை.

மறுபடி உதைத்தார். மறுபடி. இருமல்கூட இல்லை. ராத்திரி முழுக்கத் தொழிற்சாலைச் சுவரோரம் பனியில் நின்ற வண்டி. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. சுவெட்டர் ஒன்று கழன்றது. அடுத்ததும் கழன்றது. அவ்வளவு குளிரில் அந்த மனிதருக்கு வேர்வை வழிகிறது.

“நேத்து ஓடினதுதானே... நீங்களும் பார்த்ததுதானே!” என்றார் என்னிடம். பார்த்தேன்தான். நான் பார்த்ததை என்ஜினுக்கு எப்படிச் சொல்வது?

லயத்தில் தண்ணிக்குப் பேர்போன ஆறுமுகம் அண்ணன் கிட்டே வந்து டாங்கியை முகர்ந்தார். “ஏங்க, மாட்டேங்குற வண்டிக்கு ஏன் வம்பா ஊத்துறீங்க? நான்லாம் மாட்டேன்னே சொல்ல மாட்டேனே!” என்றார். “ஐயோ, விஷம் கலந்தது, குடிக்கக்கூடாது” என்று மாத்தயா பதறினார். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியக்கா மட்டும் சிரிக்கவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று பாக்கியக்கா முன்னால் வந்தார்.

“ஐயா, இது புது வண்டிதானுங்களே?”

“புதுசுதான்.”

“பூசை போட்டீங்களா?”

“பூசை இல்லை. டெஸ்ட் போட்டது.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அதுதானே பார்த்தோம்! பூசை போடாத வண்டி எந்த ஊரில் ஓடும்? துரையே சிரித்துவிட்டார். “சரி, பூசைய முடிங்க. அதுக்கப்புறமும் ஓடலேன்னா நான் போறேன்” என்றார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் எலுமிச்சம்பழத்துக்கு ஓடினார். ஒருவர் தேங்காய்க்கு. பெண்கள் லயத்துக்கு ஓடி, அடுப்பில் கொதித்த தண்ணீரைத் தகரத்தில் தூக்கி வந்தார்கள். பூசைக்கு முன்னால் வண்டி குளிக்க வேண்டும் அல்லவா? எங்கள் மலையில் தை மாதத்தில் யாரையும் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில்லை. பிறந்த குழந்தையானாலும் சரி, லயத்துக் கோயில் பிள்ளையாரானாலும் சரி, சுடுதண்ணீர்தான். அதில் மஞ்சளைக் கரைத்தார்கள்.

“என்ஜினுக்குள்ள தண்ணி போகும்!” என்று மாத்தயா குறுக்கே பாய்ந்தார்.

“மேலதாங்க ஊத்துறோம். குளுருல நடுங்குது பாருங்க, பாவம்” என்றார் பாக்கியக்கா. மாத்தயா கழற்றிப் போட்ட சுவெட்டரையே பாக்கியக்கா எடுத்து, தண்ணீர் போகக்கூடாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்து கால் வரை ஊற்றினார்கள். ஆவி எழும்பி வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு தகரம் போதாதென்று இன்னொன்று வந்தது.

அடுத்தது கற்பூரம். தீப்பெட்டியைக் கண்டதும் மாத்தயா அலறிய அலறல் வட்டகொடை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ஸ்பிரிட் பக்கத்தில் நெருப்பா! கற்பூரம் காட்டாமல் பூசையா! இரண்டு கட்சிக்கும் நடுவில் நான் புகுந்தேன். நான் மாதா கோயில் வேதக்காரன், ஆகவே நடுநிலைமை. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. கற்பூரத்தை மடுவத்துக்கு அந்தப் பக்கம் கொளுத்தி, அங்கிருந்தே வண்டியைப் பார்த்துக் காட்டினார்கள். தேங்காய் உடைந்தது. ஹெட்லைட்டுக்குப் பொட்டு, ஹேண்டிலுக்குச் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாத்தயாவுக்கும் ஒரு பொட்டு. தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

உதைத்தார்.

கர்ர்... என்று ஒரு இருமல். மறுபடி உதைத்தார். படபடபடவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள்! எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாலையும் பொட்டுமாக மாத்தயா பறந்தார். நான் எடுத்த படம் அந்த நிமிஷத்தில் எடுத்ததுதான்.

பங்களா மலை உச்சியில். வளைந்து வளைந்து ஏறும் பாதை. முதல் வளைவில் தெரிந்தார். இரண்டாவதிலும் தெரிந்தார். பிறகு பனி மறைத்துவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் தேய்ந்து தேய்ந்து... நின்றுவிட்டது.

நின்றது என்ஜினா, சத்தம் மட்டுமா? யாருக்கும் தெரியவில்லை. பாக்கியக்கா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பளியைப் பிடித்திருந்தார். ஒரு மோட்டார் சைக்கிளுக்காக நான் மாதாவை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மேலேயிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. நீளமாக, விடாமல்.

முற்றம் வெடித்தது. ஆறுமுகம் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்ததில் கேமரா தப்பியது பெரிய காரியம். பெரிய துரை மலைச் சரிவை ஒரு தடவை பார்த்தார், பாக்கியக்காவை ஒரு தடவை பார்த்தார். “சரி, நட்டுக்கங்க” என்றார். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அந்த மரியாதை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

திரும்பி வந்த மாத்தயா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “சூடு! சூடுதான் குறைவு! குளிர்ல ஸ்பிரிட் லேசில பத்தாது. சுடுதண்ணிலதான் ஸ்டார்ட் ஆனது” என்று குதித்தார். “எலுமிச்சம்பழம் நசுங்குச்சே, பாக்கலீங்களா?” என்றார்கள் பெண்கள். யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் படம் பிடிக்கப் போனவன்.

அந்தப் படம் நுவரெலியாக் கண்காட்சியில் மாட்டப்பட்டது. பக்கத்தில் உரத்தைப் பற்றிப் பெரிய பெரிய அட்டைகள். அவற்றை எட்டிப் பார்க்க ஆளில்லை, பொட்டு வைத்த மோட்டார் சைக்கிளைச் சுற்றித்தான் கூட்டம். மாத்தயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு யோசனை. விவசாயம் செய்யுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறோம், கண்காட்சி வைக்கிறோம். பாக்கியக்காவுக்கு யாராவது அதைச் சொல்ல வேண்டுமா என்ன? செய்யட்டும் என்று ஒருவர் சொல்லத்தான் இத்தனை பாடு!

கிழங்கு மூட்டை வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். மானாப் புல் இருந்த இடமா அது? வீட்டுக்கு ஒரு பாத்தி. கிழங்கு கிண்டிய மண் ஒரு பக்கம், லீக்ஸும் போஞ்சியும் மறுபக்கம். பாக்கியக்கா அவித்த கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் வைத்தார். அவருடைய மூத்த மகள் எங்களுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“மரவள்ளியைக் காணோமே அக்கா?”

“இந்தக் குளுருல மரவள்ளி எங்கீங்க வரும்? மாத்தயாவுக்கும் இப்பத் தெரியும். வந்தாரு, கெழங்கு சாப்பிட்டாரு, இந்த உருளைக்கெழங்குலயும் ஸ்பிரிட் எடுக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு.”

“அப்போ வண்டிக்குப் போக மிச்சம்னு சொல்லி அனுப்பினீங்களே... வண்டிக்கு எவ்வளவு போச்சு?”

பாக்கியக்கா சிரித்தார். அன்றைக்கு முற்றத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

“வண்டி இன்னும் கேக்கலீங்களே ஐயா. கேட்டா குடுப்போம்... மொதல்ல புள்ளைங்க சாப்பிட்டு முடிக்கட்டும்.”

மூட்டையில் பாதி தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு வண்டிகள் நாலும், அதாவது நான், ஜெசிந்தா, பிள்ளைகள் இரண்டு பேர், இந்த வாரம் நன்றாக ஓடுகின்றன, மஞ்சள் தண்ணீர் கேட்காமலே!