பாயில் காய்ந்த குறடுகள்

வாரத்தில் ஒருநாள் குறிகட்டுவான் துறையில் படகேறி எங்கள் தீவுக்குப் பல் வைத்தியம் பார்க்கப் போகிறேன். நான் பிறந்த தீவு அது. அங்கே பல் பிடுங்கும் முதல் உள்ளூர்க்காரி நான்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கமாட்டேன்.

அந்த மாதம் தீவில் கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவிப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. அதனால் பல் பிடுங்கும் குறடுகளை அக்கரை ஆஸ்பத்திரியிலேயே கிருமி நீக்கி, ஒரு பக்கம் கடதாசியும் மறுபக்கம் பிளாஸ்ரிக்கும் உள்ள பொதிகளில் ஒட்டிக் கொண்டுபோனோம். ஒட்டுக் கிழியும்வரை உள்ளே இருப்பது சுத்தம். கடதாசி நனைந்துவிட்டால் ஒட்டு இருந்தும் பயனில்லை.

முதல் ஆளுக்கு ஊசி போடுவதற்கு முன் ஒரு பொதியைக் கையில் எடுத்தேன். கடதாசி நெளிந்திருந்தது.

“அக்கா, இது நனைஞ்சதோ?”

எனக்கு உதவிக்கு நிற்கும் அக்கா கடற்தொழில் செய்யும் வீட்டுக்காரி. “ஓம் டொக்டர், படகுக்க பை சரிஞ்சு, அடியில தேங்கிக் கிடந்த தண்ணியில விழுந்திட்டுது. வந்த கையோட பின்னுக்குப் பாய் விரிச்சுப் பரப்பிவிட்டனான். இப்ப பாருங்கோ, மொறுமொறு எண்டு காய்ஞ்சிருக்கு.”

கடல்தண்ணீர் பட்ட எதையும் எங்கள் ஊரில் உடனே வெயிலில் பரப்புவார்கள். வலை, மீன், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் அப்படித்தான். அக்காவும் அக்கறையோடுதான் செய்திருந்தார். ஆனால் எது நனைந்தது, எது நனையாதது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. பொதிகளின் நிறக்கோடுகள் எல்லாம் கறுத்தே இருந்தன. அந்தக் கோடு நீராவி பட்டதைச் சொல்லும். பிறகு நடந்ததைச் சொல்லாது.

விறாந்தைக்கு வந்து, “இண்டைக்கு ஒருதருக்கும் பல்லுப் புடுங்க ஏலாது” என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. மற்றவர்கள் பொறுக்கலாம், மருந்து கொடுத்தேன். வந்திருந்தவர்களில் மாமாவால் மட்டும் பொறுக்க முடியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இடது தாடை கண்ணுக்குக் கீழேவரை வீங்கியிருந்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் உண்டு. அந்தப் பல் அன்றே வெளியே வராவிட்டால் வீக்கம் கழுத்துக்கு இறங்கலாம். அழுக்குக் குறடு பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. பின்னேரப் படகு போனால் அடுத்த படகு எப்போதென்று துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“என்ன, உன்ர மாமனுக்கும் இல்லையோ?”

“உங்களுக்குத்தான் முக்கியமாக் கூடாது. படகேறுங்கோ, அக்கரையில வைச்சு நானே புடுங்குறன்.”

“வலை கடலுக்க கிடக்கு, நான் படகேறுறதோ? சுடுதண்ணியில போட்டு எடு, பிள்ளை.”

“சுடுதண்ணி மட்டும் காணாது மாமா. அதில சாகாத கிருமியும் இருக்கு.”

அவர் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “கேட்டியளோ? எங்கட குடும்பத்தில முதல் படிச்சது இவதான். ஏலாது எண்டு சொல்லுறதுக்கு எத்தினை வருசம் படிச்சவ பாருங்கோ!”

சிரித்தார்கள். என் காது சுட்டது. படித்ததால்தான் ஏலாது என்கிறேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. ஒரு பொதியைக் கிழித்துக் குறட்டை அவர் மூக்கருகே நீட்டினேன். அதன் மூட்டில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.

“மணந்து பாருங்கோ.”

மணந்தார். முகத்தைச் சுளித்தார். “டீசல்.”

“படகின்ர அடித்தண்ணி. அதில என்னென்ன கிடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

குறட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு எழும்பிச் சாரத்தை இறுக்கிக்கொண்டு, “பிறகேன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? படகு போகப்போகுது” என்று என்னையே ஏசினார்.

படகில் அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாமாவின் உடம்பு கொதித்தது. அடிக்கடி, “எச்சிலை விழுங்குங்கோ” என்றேன். விழுங்க முடியாமல் போனால் அடுத்து மூச்சு அடைக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. பாதிக் கடலில் ஒருமுறை அவர் என் கையைப் பிடித்தார், விழுங்கவில்லை. நான் கெஞ்சினேன். கண்ணை இறுக்கி, தொண்டை ஏறி இறங்க, விழுங்கினார். அதன்பின் கரையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அக்கரை ஆஸ்பத்திரியில் அவர் முன்னாலேயே புதுப் பொதியைக் கிழித்தேன். பல்லோடு சீழும் வந்தது. மருந்தேற்றி நோயாளர் விடுதியில் படுக்க வைத்தார்கள்.

“இனிமேல் பயமில்லை மாமா.”

வாயில் பஞ்சைக் கடித்தபடி அவர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

“வலையை ஆர் இழுக்கிறது?”

வலை இன்னும் கடலுக்குள்தான் கிடந்தது. அவர் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டேன்.