காய்ச்சல் ஃபோல்டரில் ஒரு கொண்டை

மேரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். உடன் வேலை பார்க்கும் முருகேசன்தான் பேசினார். "மேரிக்கு நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நேரா அகரத்துக்கு, மேரி வீட்டுக்கு வந்துருங்க." நாற்பத்திரண்டு வயது. நான் வழக்கமான வண்டியில் ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அழுகை எனக்குச் சட்டென்று வருகிற சமாச்சாரம் இல்லை.

மேரியை அறிந்தவர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகள் பார்க்கும் பாட்டுப் படங்களுக்குக் கணினியில் மனிதர்களை உருவாக்கித் தருகிறோம். மென்பொருள் கொடுப்பது மொட்டைத் தலையோடு ஓர் உடம்பு மட்டும். முடி, சட்டை, புருவம் எல்லாம் ஆட்-ஆன் என்ற தனித்தனிக் கோப்புகளாக வந்து சேர வேண்டும். அவற்றில் ஒன்று பழுதானாலும் எல்லா உருவங்களும் கெட்டுப்போகும்.

நான் அவசரக்காரி. கோளாறு என்றால் மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி போடுவது என் வைத்தியம். மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "பாதிக் கோப்பைத் தூக்கி வெளியே வைப்பா. மிச்சத்தை ஓட்டிப் பாப்போம்." கோளாறு போய்விட்டால் பழுது வெளியே வைத்த பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் உள்ளே. அந்தப் பாதியில் மீண்டும் பாதி. இருநூறு கோப்புகள் இருந்தாலும் எட்டாவது தடவையில் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார். நான் பரபரத்தால், "பதறாத காரியம் சிதறாது" என்பார்.

பிடித்த கோப்பை அழிக்க மாட்டார். 'காய்ச்சல்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார், அதில் படுக்கப்போடுவார். "அழிச்சுட்டா அதுக்கு என்ன கேடுன்னு எப்படித் தெரியும்?" பக்கத்தில் ஒரு நோட்டு. கோப்பின் பெயர், கோளாறு, கொண்டுவந்தவர் என்று மூன்று கட்டங்கள். முருகேசன் பெயர் அதில் பதினோரு இடத்தில் இருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புதுக் கோப்பு எதுவானாலும் மேரி பார்த்த பிறகே பொது ஃபோல்டருக்குள் போக வேண்டும் என்பது சட்டம்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் அந்தச் சட்டத்தை மீறினேன். ஒரு பூக்காரி பாத்திரத்துக்குக் கொண்டை தேவைப்பட்டது. இணையத்திலிருந்து இறக்கும்போது கரண்ட் போய் வந்தது. கோப்பு கண்ணில் பட்டதால் இறங்கிவிட்டது என்று நினைத்து, மேரியிடம் காட்டாமல் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பன்னிரண்டு உருவங்களுக்கும் முகம் இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. படத்துக்கு ஆர்டர் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். முதலாளி எங்கள் எல்லோரையும் பார்த்தார். "போட்டது யாருன்னு தெரியட்டும். நாளையிலருந்து அவங்க வர வேண்டாம்."

வேடசந்தூரில் என் கணவர் வேலை பார்த்த மில் அந்த மாதம்தான் மூடியிருந்தது. நான் விசைப்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேரி பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்தார். எட்டாவது தடவை நிறுத்தினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"யாருது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார் பாக்காம போட்டுட்டேன்" என்றார் மேரி.

மேரி இல்லாமல் அந்த அலுவலகம் ஓடாது என்பதால் முதலாளி அவரை அனுப்பவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவருக்குத் தருவதாக இருந்த குழுத் தலைவர் பொறுப்பைத் தரவில்லை. அது நடந்த அன்று சாயங்காலமே மாடிப்படியில், "ஏன் மேரி?" என்று கேட்டிருந்தேன். "எனக்குத் திட்டோட போச்சு. உனக்கு வேலையே போயிரும்ல. நெலமை சரியானதும் நீயே சொல்லிரு."

நிலைமை சரியானது. மூன்று வருடம் கழித்து அந்தப் பொறுப்பே எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை. மேரி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அகரத்தில் அடக்கம் முடிந்து நிற்கும்போது முருகேசன் சொன்னார்: "எம்புட்டுக் கவனமான ஆளு. ஒரே ஒரு தடவதான் சறுக்குச்சு, அந்தக் கொண்டை விஷயத்துல." எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த நோட்டைத் திறந்தேன். கொண்டைக்கு எதிரே, 'பாதிதான் இறங்கியிருக்கு' என்று மேரியின் கையெழுத்து. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. எனக்காக வாயால் ஒரு பொய் சொன்னவர், அதை நோட்டில் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. ஏழு வருடமாக அந்தக் கட்டம் அப்படியே இருந்திருக்கிறது.

மேரியிடமிருந்து பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிற பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. அந்த நோட்டும் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. காலியாக இருந்த கட்டத்தில் 'சாந்தி' என்று என் பெயரை எழுதிவிட்டேன். முருகேசன், சறுக்கியது மேரி இல்லை.