மகேஸ்வரி அக்காவுக்கு முன்னால் ஓடியவள்

செய்தி வந்தபோது பத்தாம் நம்பர் லயத்து வீடுகளின் தண்ணீர்ப் பீலியடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், விளையாட்டுக் கழகச் செயலாளர் முருகேசு, உச்சிக்கோயில் பூசாரி கந்தையா. அக்காவின் மகன் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து முருகேசுவின் போனுக்குப் பேசினான். "அம்மா போயிட்டாங்க மாமா" என்றது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்த நேரத்தில் ஐந்தாவதாக ஒருவர் எங்களைக் கடந்து மலைப்பாதையில் ஏறிப் போனதாக என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

மகேஸ்வரி அக்கா யார் என்று கழகத்து உறுப்பினர்களான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: காலையில் தேயிலைக் கொழுந்து பறித்து, சாப்பாட்டு நேரத்தில் வெறுங்காலோடு ஓடிப் பழகி, நெடுந்தூர ஓட்டத்தில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர். நமுனுகுல மலைச்சரிவில் தொழிற்சாலையிலிருந்து முனியாண்டியின் உச்சிக்கோயில் வரை அவர் ஏறிய நேரத்தைத்தான் நம் தோட்டம் இன்றுவரை பெருமையாகச் சொல்கிறது. அந்த நேரத்தைக் குறித்தவள் நான். அதைப் பற்றித்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

நான் செவ்வாய்க்கிழமை தோறும் உச்சிக்கோயிலுக்கு விளக்கேற்றப் போவேன். அதைப் பார்த்த அக்கா ஒருநாள் ஓட்டக் கடிகாரத்தை என் கையில் வைத்தார். "தங்கம், நீ எப்படியும் சாமி முன்னாடி சும்மா நிக்கத்தானே போற. இதையும் புடி" என்றார். கீழே மதியச் சங்கு ஊதும். அது அவர் புறப்படும் நேரம். மேலே நான் கடிகாரத்தை அழுத்துவேன். சூலத்தை அவர் தொட்டதும் நேரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நடுப்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிரே இருந்த சூலம்கூடத் தெரியவில்லை. காலடி கேட்டது. வெறுங்கால், ஈரப் படியில் இலேசாக விழுகிற பெண் கால். என்னையும் விளக்கையும் கடந்து போனது. சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. "வந்துட்டீங்களா அக்கா?" என்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத எனக்கு வராது. இரண்டு நேரத்தையும் குறித்தேன். அதற்குப் பிறகு பனி இறங்கிய ஒவ்வொரு செவ்வாயும் கொப்பியில் இரண்டு நேரம் இருக்கிறது.

பூசாரியிடம் கேட்டேன். "உச்சி வேளையில முனி நடமாடும்மா. திரும்பிப் பாக்காத" என்றார். முனி நடந்தால் நிலம் அதிரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இது அப்படி இல்லை. கடைசியில் அக்காவிடமே கேட்டேன். அவர் கால் விரலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "உனக்கும் கேக்குதா?" என்றார். பிறகு ஏறி வந்த பாதையைக் கையால் காட்டினார். "நான் அவ முதுகைப் பாத்துத்தான் ஓடுறேன் புள்ள. அவ கால் வைக்கிற எடத்துல வைக்கிறேன். அதான் ஒருநாளும் எடறுனதில்ல. முகத்தை மட்டும் காட்ட மாட்டேங்குறா."

இனி என் பிழை. அக்காவின் நேரத்தைச் சரிபார்க்கக் கழகத்தார் வந்த நாளில் பனி மிக அடர்த்தி. காலடி கடந்தபோது என் விரல் தானாகக் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. இருபத்தொன்பது நிமிடம் பத்து விநாடி. அக்கா வந்த நேரத்தை என் கைக்கடிகாரத்தில்தான் பார்த்தேன்: முப்பத்தொன்று நாற்பது. அவருக்குப் பின்னால் ஏறி வந்த முருகேசு என் கையிலிருந்த ஓட்டக் கடிகாரத்தைப் பிடுங்கி, இருபத்தொன்பது பத்து என்று கீழே கேட்கும்படி கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. அன்று இறங்கி வரும் வழியில், "சொல்லிடுவோமா அக்கா?" என்றேன். "யாருன்னு சொல்லுவ?" என்று கேட்டார். அதன் பிறகு யார் கேட்டாலும் அவர், "முப்பத்தொண்ணு நாப்பது" என்றே சொல்லி வந்தார். அடக்கம் என்று நீங்கள் நினைத்தீர்கள்.

பண்டாரவளையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரவீந்திரன் நேபாளத்துப் பனிமலை ஒன்றில் ஏறி வந்தபோது, பலகாரப் பெட்டியோடு அக்காவைப் பார்க்க வந்தார். முருகேசு அவரைச் சீண்டாமல் விடவில்லை. "ஒக்சிஜன் போத்தலு, கயிறு, சாமான் தூக்க ஆளு, வழி காட்ட ஆளு. இம்புட்டும் இருந்தா எங்க ஆத்தாளும் ஏறுவாங்க."

"கூட்டிட்டு வாங்க, டிக்கட் நான் போடுறேன்" என்று ரவீந்திரன் சிரித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா. நான் செஞ்சதும் நீங்க செஞ்சதும் ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணு இல்லீங்க தம்பி" என்றார் அக்கா. "நான் ஒரு நொடி அசந்தா பக்கத்துல ஓடுறவ முந்திடுவா. உங்களுக்குப் போய்ச் சேந்தாப் போதும். சரிக்குச் சரின்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அந்தக் குளிருல உங்க மூச்சை நீங்கதான் விட்டீங்க. அதை யாரும் தூக்கிட்டு வரல. உங்களுக்கு முன்னாடி போனவருக்கு ஒரு பேரு இருக்கு, சாப்பிட்டீங்களான்னு அவரைக் கேக்க முடிஞ்சுது. எனக்கு அதுவும் இல்ல."

மற்றவர்கள் அது விளங்காமல் சிரித்தார்கள். ரவீந்திரன் சிரிக்கவில்லை. "உச்சிக்குக் கிட்டத்துல எங்களுக்கு வழி காட்டினவர் திரும்பி ஆள் எண்ணினார்க்கா. கயித்துல நாங்க மூணு பேரு. அவர் நாலுன்னு எண்ணினார்" என்றார். அக்கா எழுந்து போய் அவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றினார்.

சென்ற ஆண்டு, எட்டாம் நம்பர் லயத்துக் கௌரி முப்பத்தொன்று இருபதில் ஏறினாள். அன்றும் பனி. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு முன்னால் எந்தக் காலடியும் வரவில்லை. இருபத்தொன்பதைத் தொட முடியவில்லை என்று படியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவி, "நீ என்னைய முந்திட்ட புள்ள. அழுவாத" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் அவளும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது கழகம் மைதானத்துக்கு அக்காவின் பெயரை வைத்துக் கல் நாட்டப் போகிறது. மனம் நிறைந்த காரியம். ஆனால் கல்லில் எழுதக் கொடுத்திருப்பது, "எவர் துணையுமின்றி 29 நிமிடம் 10 விநாடியில் மலையேறியவர்" என்று. அந்த முதல் இரண்டு சொல் ரவீந்திரன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே என்று முருகேசு தம்பி என்னிடம் சொன்னார். அந்த நேரம் அக்காவுடையது அல்ல. அந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தாது, பொருந்துகிறவள் கௌரி.

கருமாதி முடிந்த செவ்வாய் மேலே போனேன். கௌரி பதுளையில் இருந்தாள். ஓட யாரும் இல்லை. பனி இறங்கியிருந்தது. சங்கு ஊதியதும் பழக்கத்தில் அழுத்தினேன். ஒரு காலடி வந்தது, கடந்தது. அடுத்ததற்காக விளக்கில் எண்ணெய் தீரும்வரை நின்றேன். வரவில்லை. வந்தது முன்னால் போகிறவளா, பின்னால் வருகிறவரா என்று எனக்குத் தெரியவில்லை. நேரத்தைக் குறித்தேன். பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: தன்னுடையதல்லாத இரண்டரை நிமிடத்தை ஒருநாளும் வாயால் சொல்லாத பிடிவாதம். அது எனக்கு அவர் போன பிறகுதான் வந்திருக்கிறது. அக்காவின் உண்மை நேரத்தைக் கௌரியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கொப்பியை யார் வந்தாலும் காட்டுகிறேன்.

ஹாலிஎலயில் கல் வெட்டுகிறவர் வெள்ளிக்கிழமை உளி எடுக்கிறார். கல்லில் எந்த நேரத்தை எழுதுவது, அந்த இரண்டு சொல்லை எடுப்பீர்களா என்று வியாழன் மாலைக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.