மாமாவின் வாட்ச்சுக்கு நான் போட்ட பாலிஷ்

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு பாலிஷ் போடுவதுதான் அப்போது என் தொழில். எண்பதுகளின் கடைசி. மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பட்டறை. மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் கட்டியைத் தேய்த்துவிட்டு, மங்கலாக வருகிற தட்டை அதில் அழுத்திப் பிடித்தால் கண்ணாடி மாதிரி வெளியே வரும். மேஸ்திரி ஒவ்வொரு தட்டையும் முகத்துக்கு நேரே பிடித்து ஈ என்று இளிப்பார். "பல்லுல மாட்டிகினு கீற கீரை தெரியணும்டா. அப்பத்தான் அதுக்குப் பேரு பாலிஷ்" என்பார். அவர் வாயிலிருந்து விழுகிற இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே அந்தக் கரித்தூளில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

மங்கலாக ஒரு பொருள் கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனால் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பாயசம் ஊற்ற வந்தவர் என்னவோ ஏதோவென்று பயந்துபோவார்.

அக்காவை சிட்லபாக்கத்தில் கொடுத்திருந்தோம். மாமா, அதாவது அக்கா புருஷன், வளைகுடா நாட்டில் ஒரு பெரிய அரபு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அந்தத் தடவை வந்தபோது அவர் கையில் ஒரு வாட்ச். சுவிட்சர்லாந்தில் செய்தது. பெயரைச் சொன்னால் ஊரே வாயைப் பிளக்கும். முதலாளி கடைக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றைத் தன் கையிலும் மற்றதை மாமா கையிலும் தானே மாட்டிவிட்டாராம். பாலைவனத்தில் டயர் வெடித்த வண்டியைக் கவிழாமல் நிறுத்தியதற்கான மரியாதை அது.

எனக்கு அந்த வாரம் குன்றத்தூரில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. புதுச் சட்டை இருந்தது. மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. மாமா அதைப் பார்த்தார். தன் வாட்ச்சைக் கழற்றி என் கையில் போட்டு, செயினை இறுக்கி, "போட்டுகினு போ மச்சான். கையத் தூக்கித் தூக்கிப் பேசு" என்றார்.

பேசினேன். அங்கேதான் வினை. பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தர், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் கையையே பார்த்தார்.

"இன்னா தம்பி, ஃபாரின் வாட்ச்சா?"

"ஆமாங்க."

"செயினு இன்னா, அடிப்புடிச்ச அலுமினியக் குண்டான் மாதிரி கீது? நீ பாலிஷ் பட்டறைல கீறன்னு சொன்னாங்க!"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு வந்தது. பெண்ணும் சிரித்துவிட்டாள் போல. எனக்குக் காது இரண்டும் சுட்டது. திரும்புகிற பஸ்ஸில் செயினை உற்றுப் பார்த்தேன். உண்மைதான். வாட்ச்சின் வட்டம் பளபளவென்று இருந்தது. செயின் மட்டும் மங்கல். முடி முடியாகக் கோடுகள், நீளவாக்கில் செயினின் மேல்பக்கம் முழுக்க. இத்தனை பெரிய வாட்ச்சில் இப்படி ஒரு தேய்மானம் விழ விட்டிருக்கிறாரே மாமா என்று அவர்மேல் பரிதாபம் வந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா கொடுப்பாள். கேட்காமலே மாமா கொடுத்த வாட்ச்சை நான் மட்டும் எப்படி வெறுமனே கொடுப்பது? செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஊசியால் பின்னைத் தள்ளிச் செயினைத் தனியாகக் கழற்றினேன். சக்கரத்தில் வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கோடு இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் என் மூக்கு தெரிந்தது. மேஸ்திரி வாங்கி இளித்துப் பார்த்து, "இதுதான்டா வேலை" என்றார். அந்த வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் சிட்லபாக்கம் போய், கர்ச்சீப்பில் சுற்றியிருந்ததை எடுத்து நீட்டினேன். அக்கா, "அட, புதுசு மாதிரி ஆக்கிட்டானே" என்று கை தட்டினாள். மாமா வாங்கினார். பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னடா பண்ணே?"

"பாலிஷ் போட்டேன் மாமா. ரொம்ப மங்கிப்போய்..."

"மங்கலடா. அதுதான்டா அதோட ஃபினிஷு. அவன் மெஷின்ல வச்சு அப்படிக் கோடு கோடா போட்டு விக்கிறான். அதுக்குத்தான் அவ்ளோ விலை."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வேண்டுமென்றே ஒருவன் பொருளை மங்கலாக்குவானா? அதற்கு விலை வேறு கொடுப்பார்களா?

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். முதலாளி தினமும் காலையில் காரில் ஏறும்போது தன் மணிக்கட்டை முன்னால் நீட்டுவாராம். மாமாவும் நீட்ட வேண்டும். இரண்டு வாட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அண்ணன் தம்பி" என்று அரபியில் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வாராம். அங்கே கடைத்தெருவில் கிடைக்கிற டூப்ளிகேட்டெல்லாம் இப்படித்தான் பளபளவென்று இருக்குமாம். மாமாவுக்கு முன்னால் இருந்த டிரைவர், முதலாளி கொடுத்த வாட்ச்சை விற்றுவிட்டு டூப்ளிகேட் கட்டிக்கொண்டு போனான். மறு வாரம் அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

"நானும் வித்துட்டேன்னுதான் நெனைப்பாரு. என் மச்சான் குண்டானுக்குப் போடற பாலிஷ போட்டுட்டான்னு அரபில எப்படிடா சொல்றது?"

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு விமானம். அந்த வேலை போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. அக்கா கை தட்டியதை நிறுத்தி, கைகளை அப்படியே சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள பழையபடி ஆக்கிடறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். கண்ணில் லென்ஸை வைத்துச் செயினை விரலில் ஓட்டிப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் செஞ்சது?"

"நான்தான் சார்."

லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கே. அதான் பேஜாரு. பம்பாய்க்கு அனுப்பணும் தம்பி. ஒரு மாசம் ஆவும்."

பட்டறைக்கு வந்து ஒரு பழைய தட்டில், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிற எமரி தாளால் தேய்த்துப் பார்த்தேன். கோடு விழுந்தது. ஆனால் நேராக விழவில்லை. வருஷக்கணக்காகச் சக்கரத்துக்கு முன்னால் வட்டமாகவே சுழற்றிப் பழகிய கை. நேராக இழு என்றால் கடைசியில் ஒரு வளைவு வளைந்து நின்றது. தட்டில்தான் இப்படி, சின்னப் பொருளில் சரியாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செயினிலேயே தேய்த்தேன். பூனை பிராண்டின மாதிரி ஆயிற்று. திரும்பவும் சக்கரத்தில் வைத்து எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடி கோடு. மறுபடி அழித்தல். மூன்றாவது தடவை சக்கரத்திலிருந்து எடுத்தபோது, கண்ணிகளின் ஓரம் முதலில் இருந்த கூர்மை குறைந்து லேசாக உருண்டிருந்தது. எஃகு கரைந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை இப்படிச் செய்தால் அழிக்கக்கூட ஒன்றும் இருக்காது. சக்கரத்தை நிறுத்திவிட்டேன். அன்றைக்குக் குன்றத்தூரிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாக அம்மா சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை. "யாருக்கு?" என்று கேட்டேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை. பட்டறையில் பாலிஷ் ஆன பாத்திரங்களை மரத்தூள் போட்டுத் துடைக்கிற பெண் ஒருத்தி உண்டு. வாய் ஓயாது. அவள் நான் பழைய தட்டில் கோடு இழுப்பதையும் பல்லைக் கடிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இன்னாடா, நேத்துலேர்ந்து தட்டோட சண்ட போட்டுகினு கீற?"

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்தும் அவள் விடவில்லை.

"த்தூ, ஆம்பள மாரி இரு. ஏண்டா, உங்க வூட்ல காய் எதுல அரியறாங்க?"

"அருவாமணைல."

"அருவாமண நவுருதா?"

"இல்ல."

"இன்னா நவுருது?"

"காய்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்திய ஆட்டிகினு கீற? தாள ஒட்டிட்டு சாமான இழுடா."

மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் பொடி எமரி தாளை அசையாமல் ஒட்டினேன். ஓரமாக ஒரு இரும்பு ஸ்கேலை இறுக்கி வைத்தேன். செயினை ஒரு மரப்பட்டியில் நேராகக் கிடத்தி, அடியில் மெழுகு வைத்துப் பிடிக்கச் செய்தேன். பக்கங்கள் பளபளப்பாகவே இருக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால், அங்கெல்லாம் மருந்துக்கடை பிளாஸ்திரியை மெல்லியதாக வெட்டி ஒட்டினேன். பட்டியைக் கவிழ்த்து, ஸ்கேலோடு சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. போன வழியில் திரும்பி வராமல் தூக்கிவிட்டேன். திரும்பவும் முதலிலிருந்து ஒரு இழுப்பு. கை எங்கே வளைய நினைத்தாலும் ஸ்கேல் விடவில்லை.

திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மேஸ்திரி வந்து பட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழக்க தோஷத்தில் இளித்தார். பல் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு, "வேணும்னே மங்கலாக்கறதுக்கு இவ்ளோ பாடா?" என்றார்.

கோடுகள் முடி முடியாக, நேராக, ஒன்றை ஒன்று இடிக்காமல் போயிருந்தன. எனக்குச் சரி என்று பட்டது. சரியா என்று சொல்ல அதன் அண்ணன் வாட்ச் அங்கே இல்லையே. சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தார், ட்யூப்லைட்டில் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். "பரவால்ல மச்சான்" என்றார். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் முகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. மறுநாள் மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையசைத்தார். வாட்ச் இல்லாத கையை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். முதலாளியின் காரை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். மாமாவுக்குத் தண்ணீர் லாரி. சம்பளம் பாதி. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று முடித்திருந்தார். வாட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அக்கா வாடகையைக் குறைக்கப் பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி முன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, ஒற்றை அறையில் பிள்ளைகளோடு இருந்தாள். நான் போனால் காபி கொடுப்பாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து மாமா வந்தார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை. அவரும் நானும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கையில் அதே வாட்ச். இதற்குமேல் முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"மாமா, என்னாலதானே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அங்க போய் எறங்கினதும் பாத்ரூம்ல லைட்டுக்குக் கீழ பார்த்தேன். ஒரு கண்ணியில கோடு சாஞ்ச மாதிரி தெரிஞ்சுது. கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டேன். மறுநாள் அவரு கைய நீட்டுறாரு, என் கை மொட்டையா கீது. பின்னு லூஸு, ரூம்ல கீதுன்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். மூணாம் நாள் அவரு கைய நீட்டல. நாலாம் நாள் போட்டுகினு போனேன் மச்சான். அவரு திரும்பியே பாக்கல. அடுத்த வாரம் சாவிய வாங்கிட்டாரு."

உள்ளேயிருந்து அக்கா, "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

மாமா இடது கையை என் பக்கம் நீட்டினார். கொக்கியிலிருந்து மூன்றாவது கண்ணியை விரலால் காட்டினார். "இதான். ரெண்டு வருஷமா தெனம் பாக்கறேன். ஒரு நாள் சாஞ்சிருக்கு, ஒரு நாள் நேரா கீது. நீ தொழில்காரன். உண்மையச் சொல்லு. சாஞ்சிருக்கா, இல்ல நான்தான் சும்மா பயந்து பொழப்பக் கெடுத்துகினேனா?"

அவர் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். புதிதாக விழுந்த கீறல்கள் நிறைய. அதற்கு அடியில் என் கோடுகள். ஸ்கேல் பிடித்த கோடுகள். மூன்றாவது கண்ணியிலும் நேர். பக்கத்துக் கண்ணியிலும் நேர். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூடச் சாயவில்லை.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாஞ்சுதான் கீது மாமா," என்றேன். "அவசரத்துல கை நழுவிடுச்சு."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டுப் பக்கம் திரும்பி, அக்காவை ரசம் கொண்டு வரச் சொன்னார்.